ஒரே முத்திரை, வேறு வேறு குதிரை

மே 3, செவ்வாய்

தீவனக் கடையில் நான் ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டார்கள்.

தாளில் பெரிதாக ஒன்றுமில்லை. கன்றுகளுக்கு எண் போடும் கறுப்பு மார்க்கரால் நானே எழுதியது: “இந்தப் பக்கம் சுற்றும் நீல மாத்திரை போலி. உள்ளே ஃபென்டனில். ஒன்று போதும். என் மகனுக்கு ஒன்றுதான்.” கீழே என் பெயர், போன் எண்.

கடை லைலுடையது. துள்ளும் குதிரை மேல் ஏறிப் போட்டி போடும் ரோடியோவின் கமிட்டித் தலைவனும் அவன்தான். முகத்தைப் பார்க்காமல், உப்புக் கட்டிகளை அடுக்கிக்கொண்டே பேசினான். “வியாபாரம் பண்ற இடம்பா ராய்ஸ். சின்னப் பசங்க வந்து போற இடம்.”

“அதனாலதான்யா இங்க ஒட்டினேன். முதியோர் இல்லத்துல ஒட்டணும்னா அங்க போயிருப்பேன்.”

“உன் வருத்தம் எனக்குப் புரியுது.”

இந்த வாக்கியத்தை மார்ச்சிலிருந்து எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள். மகன் வெஸ்லி இறந்த வாரமும் அதற்கடுத்த வாரமும் வீட்டில் எங்கு பார்த்தாலும் கறிச் சோறும் உருளைக்கிழங்குத் தட்டுகளும்தான். அத்தனை தட்டு கொண்டுவந்தவர்களில் ஒருவர்கூட, எப்படிச் செத்தான் என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதுதான் இங்கே மரியாதை.

மே 4

மறுபடி ஒட்டினேன். இந்தத் தடவை பசை போட்டு.

மே 9

மாவட்ட சுகாதார நர்ஸ் மார்லிஸ் வந்தாள். ஒரு பெட்டி நிறைய மூக்கில் அடிக்கும் மருந்து. நலாக்சோன், ஃபென்டனில் நிறுத்தும் மூச்சைத் திருப்பிக் கொண்டுவருவது. “உன் வண்டியில ஒண்ணு, வீட்டுல ஒண்ணு, கொட்டகையில ஒண்ணு வை” என்றாள். கொட்டகையில் யாருக்கு, மாட்டுக்கா என்று கேட்டேன். சிரிக்கவில்லை. மார்லிஸ் சிரித்து நான் பார்த்ததில்லை.

செய்துகாட்டினாள். ஆளை மல்லாத்திப் போடு, தலையைப் பின்னால் சாய், ஒரு மூக்குத் துவாரத்தில் நுழைத்து அழுத்து. அவசர எண்ணுக்குக் கூப்பிடு. மூச்சு இல்லையென்றால் வாயில் ஊது. இரண்டு மூன்று நிமிடத்தில் எழவில்லையென்றால் இன்னொன்று. எழுந்துவிட்டான் என்று விட்டுவிட்டுப் போகாதே, மருந்தின் வேகம் தணிந்தால் மறுபடி மூச்சு நிற்கலாம்.

நூலகத்தில் இதையே சொல்லிக்கொடுக்கக் கூட்டம் போட்டாளாம். இரண்டு பேர் வந்தார்களாம். ஒருத்தி நூலகக்காரி.

“ஜனங்களுக்கு இது போதைக்காரங்க சமாச்சாரம்னு நெனப்பு” என்றாள். “வெஸ் போதைக்காரன் இல்ல. தோள் வலிக்காரன். அதை யாராவது சொல்லணும்.”

யாராவது! நான் தொழிலே வாயை வைத்துச் செய்கிறவன். மொன்டானாவின் இந்த மூலையில் எந்த ரோடியோவுக்குப் போனாலும் ஒலிபெருக்கியில் என் குரல்தான். கதவு திறந்து குதிரை துள்ளி, ஆளை மண்ணில் எறிவதற்குள் அவன் பெயர், ஊர், அவன் அம்மா வேலை பார்க்கும் இடம் எல்லாம் சொல்லி முடித்துவிடுவேன். சொந்த மகன் விஷயத்தில் ஒரு தாளை ஒட்டிவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மே 14

ஷெரிஃப் ஆபீஸிலிருந்து வெஸ்ஸின் போனைத் திருப்பித் தந்தார்கள். போலீஸ் டெபுட்டி நல்ல பையன், கண்ணைப் பார்த்துப் பேசினான். போன் வழியாக மாத்திரை விற்றவனின் கணக்கு மறுநாளே மாயமாகிவிட்டதாம். வாங்கியது பத்து மாத்திரை. வெஸ்ஸின் உடம்பில் ஒன்று. அறையில் எதுவும் கிடைக்கவில்லை.

“மீதி?” என்று கேட்டேன்.

“அதைத்தான் நாங்களும் தேடறோம்.”

மீதி எங்கே? குப்பைத்தொட்டிக்குக் கால் முளைக்கவில்லை. இந்த ஊரில் ஒருவன் அதைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிகிறான். பார்க்க அசல் மாதிரியே இருக்கும். முழங்கால் ஆபரேஷன் ஆன எந்த வீட்டு அலமாரியிலும் பார்க்கிற அதே நீலம், அதே வட்டம், அதே முத்திரை. வலிக்கிறது என்று யாராவது சொன்னால் எடுத்து நீட்டுவான். நல்ல மனசோடுதான் நீட்டுவான்.

இனி எனக்கு ஒரே வேலை. அந்த மீதி இன்னொரு பையன் வாய்க்குப் போகக் கூடாது.

மே 22, ஞாயிறு

மனைவி கார்லாவோடு சண்டை. பெரிய சண்டை.

தேவாலயத்திலிருந்து வெளியே வந்ததும் நான் வாசலில் நின்று மூக்கு மருந்தை எல்லார் கையிலும் திணித்தேன். அவள் நேராக வண்டியில் போய் உட்கார்ந்து கதவை அடித்துச் சாத்தினாள். 

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் வெடித்தாள். “நீ வாயைத் திறக்கும்போதெல்லாம் அவனை மறுபடி சாகடிக்கிற. பத்தொன்பது வருஷம் வளர்த்தேன். பரிசு வாங்கினான், கன்னுக்குட்டி வளர்த்தான், பக்கத்து வீட்டுக் கிழவிக்குப் பனி தள்ளினான். இப்ப அவன் யாரு? மாத்திரை தின்னு செத்தவன். போதைக்காரன். அதுதானே ஊர் பேசும்?”

“பேசட்டும்.”

“உனக்குப் பேசினா போதும் ராய்ஸ். எப்பவும்.”

சுருக்கென்று தைத்தது. இரங்கல் குறிப்பை எழுதியது அவள்தான். “எதிர்பாராத விதமாக வீட்டில் காலமானார்.” அதற்கு மேல் ஒரு வார்த்தை போட விடவில்லை. அவள் மேல் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நிறுத்தவும் மாட்டேன்.

ஜூன் 11, சனி

கன்றுகளுக்குச் சூடு போடும் நாள். வழக்கம் போல அக்கம்பக்கத்துக் குடும்பம் எல்லாம் வந்தது. நாங்களும் அவர்களுக்குப் போவோம்.

கயிற்றில் இழுத்துவரும் கன்றை இருவர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்கவேண்டும். ஒருவன் பின்னங்காலை, மற்றவன் முன்னங்காலையும் கழுத்தையும். போன வருஷம் வரை வெஸ்ஸும் ஜேஸும்தான் ஜோடி. ஜேஸ் எங்கள் வெஸ்ஸின் கூட்டாளி. ஒரே வண்டியில் ஊர் ஊராக ரோடியோ போவார்கள், பெட்ரோலையும் பர்கரையும் பங்கு போட்டுக்கொள்வார்கள். இன்று அவன் தனியாக நின்றான். யாரும் பக்கத்தில் போகவில்லை. நான் போனேன்.

நான் கால், அவன் கழுத்து. நாலைந்து கன்று ஆயிற்று.  அடுத்தது திமிறுகிற கன்று, இரண்டு பேரும் முழுப் பலத்தோடு அதன் மேல் படுத்திருந்தோம். அப்போது சொன்னான்.

“சார், வெஸ் வாங்கின பை என் வண்டியிலதான் இருந்துச்சு, முந்தின நாளே நான் ஒண்ணு போட்டேன்.”

நான் பிடியை விடவில்லை. விடவும் முடியாது.

“எனக்கு ஒண்ணும் ஆகல சார். அசந்து தூங்கினேன், அவ்ளோதான். மறுநாள் வெஸ் கேட்டான், எப்படிப் போகுதுன்னு. சாதுன்னு சொன்னேன். நல்லா போகுது, தைரியமா ஏறுன்னு சொன்னேன்.”

 அந்தப் பேச்சு எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். சீட்டுக் குலுக்கி உனக்கு ஒரு குதிரை விழுந்தால், முதல் வேலையாக அதில் ஏற்கெனவே ஏறியவனைத் தேடிப்போய்க் கேட்பாய்: எப்படிப் போகும்? இடப்பக்கம் திரும்புமா, முன்னால் குனியுமா, கதவிலேயே நிற்குமா? அவன் உனக்கு எதிராகப் போட்டி போடுகிறவனாக இருந்தாலும் உண்மையைத்தான் சொல்வான். பொய் சொன்னவனை அப்புறம் யாரும் வண்டியில் ஏற்றமாட்டார்கள். இந்த இரண்டு மடையர்களும் மாத்திரையைச் சீட்டில் விழுந்த குதிரையாக நினைத்துவிட்டார்கள். ஒருவன் ஏறிப் பார்த்தான், மற்றவனுக்குச் சொன்னான். நம்ம வழக்கப்படி எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள்.

“மீதி எங்கடா?”

“எறிஞ்சுட்டேன்.”

“எங்க?”

“ஆத்துல.”

“எந்தப் பாலத்துல நின்னு?”

 கன்றின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரும்பு வந்தது, புகை எழுந்தது, கன்று கத்தியது. எழுந்து பார்த்தால் அவன் தன் வண்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை.

ஜூன் 12

தூக்கமில்லை. அவனை இழுத்துப் போட்டு மிதிக்கவேண்டும் போலிருக்கிறது. சாதுவாம்! என் பிள்ளைகிட்ட சாதுன்னு சொன்னானாம்! நாயே, உனக்கென்னடா தெரியும், டாக்டரா நீ?

அப்புறம் நினைக்கிறேன் — முதலில் ஏறியது அவன். பையில் கை விட்டபோது அவன் கையில் வேறொன்று வந்திருந்தால்? வெஸ் இங்கே இருப்பான், ஜேஸின் அப்பன் இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பான். வெஸ்ஸும் “சாது” என்று சொல்லியிருப்பான்தானே? சொல்லியிருப்பான்.

மார்லிஸிடம் கேட்டேன், ஒரே பை, ஒருவன் தூங்கி எழுந்தான், ஒருவன் எழவில்லை, எப்படி? எங்கேயோ ஒரு கொட்டகையில் பொடியைக் கலக்கி அச்சில் அழுத்துகிறார்களாம். கலப்பு ஒரே சீராக இருக்காது. ஒன்றில் கொஞ்சம், ஒன்றில் ஆளைக் கொல்லும் அளவு. கண்ணுக்குத் தெரியாது, மணத்தில் தெரியாது, நாக்கில் தெரியாது.

ஷெரிஃபிடம் போய் ஜேஸ் பெயரைச் சொல்லலாமா? அவளிடம் கேட்டேன். கையிலிருந்து கைக்குக் கொடுத்தவன் மேலேயே வழக்கு பாயலாம் என்றாள். அது பையனுக்கும் தெரிந்திருக்கும், அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறான். “நீ போய்ச் சொன்னா அவன் மாத்திரைய வேற எவன்கிட்டயாவது தள்ளிடுவான். கோபத்தை அப்புறம் வெச்சுக்க ராய்ஸ். மாத்திரைய முதல்ல வெளிய கொண்டுவா.”

சரி. கோபத்தை வைத்துக்கொள்கிறேன். அது எங்கும் ஓடிப்போகாது.

ஜூன் 23

பள்ளிக்கூடத்தில் பேச இடம் கேட்டேன். “செப்டம்பர்ல பார்ப்போம்” என்றார்கள்.

ஜூன் 30

ஜேஸ் வீட்டுக்கு மூன்று தடவை போயாயிற்று. மூன்று தடவையும் அவன் அம்மா கதவைப் பாதி திறந்து “இல்ல” என்றாள். அவன் வண்டி வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது.

ஜூலை 4

சுதந்திர தின ஊர்வலத்தில் என் வண்டியின் பக்கவாட்டில் அதே வாசகத்தைப் பெரிதாக எழுதி ஓட்டிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் பழைய டிராக்டர்கள், பின்னால் மிட்டாய் வீசும் வங்கிக்காரர்கள். என் வண்டி வந்தபோது மட்டும் தெருவின் இரண்டு பக்கமும் ஜனங்கள் திடீரென்று செருப்பைப் பார்த்தார்கள். ஒரு பாட்டி மட்டும் கையசைத்தாள். அவளுக்குக் கண் தெரியாது என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஜூலை 8, வெள்ளி

கமிட்டிக் கூட்டம். ஆகஸ்ட் ரோடியோவில் வெஸ்ஸுக்காக ஆளில்லாக் குதிரை விடப்போகிறார்களாம். அந்த வருஷம் செத்த எங்கள் ஆட்களுக்குச் செய்யும் மரியாதை அது. சேணம் பூட்டி, இறந்தவனின் பூட்ஸைப் பின்னோக்கி அங்கவடியில் மாட்டி, ஒருவர் கடிவாளம் பிடித்து மைதானத்தைச் சுற்றிவருவார். எல்லாரும் எழுந்து தொப்பியைக் கழற்றுவார்கள். பீர் விற்கிறவன்கூட நிற்பான். அறிவிப்பாளன் பேசுவான். எத்தனையோ பேருக்கு நான் பேசியிருக்கிறேன்.

என் மகனுக்கும் நானேவா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே லைல் ஒரு துண்டுத்தாளை நீட்டினான். இதைப் படித்தால் போதுமாம். “இளம் வயதிலேயே நம்மை விட்டுப் பிரிந்து, மேலுலகப் புல்வெளிகளில்...”

“எப்படிப் பிரிஞ்சான்னு இதுல இல்லையே?”

“குடும்பத்தோட வந்து உக்கார்ற இடம்பா. விளம்பரம் கொடுக்கிறவங்க இருக்காங்க. ஆளில்லாக் குதிரை போறப்ப யாரும் அதெல்லாம் பேசினதில்ல.”

“குதிரை மிதிச்சுச் செத்தவனுக்கு மிதிச்சுதுன்னு சொல்றோம். கேன்சர்னா கேன்சர்னு சொல்றோம். இதை மட்டும் புல்வெளிங்கிறோம்.”

“கார்லாவுக்கு இது பிடிக்குமா? அதைச் சொல்லு.”

அங்கே என்னை மடக்கிவிட்டான். தாளை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் ஒன்றே ஓடிக்கொண்டிருந்தது. மாவட்டம் முழுக்க ஒரே இடத்தில், தொப்பி கழற்றி, வாய் மூடி, எழுந்து போக முடியாமல் நிற்கும் நேரம் வருஷத்தில் அது ஒன்றுதான். அப்போது ஜேஸ் எங்கே இருப்பான்? குதிரையை நிறுத்தி ஆள் ஏறும் அடைப்புக்குப் பின்னால். கையில் டேப் சுற்றிக்கொண்டு. அவன் ஏறும் போட்டிதான் முதல் போட்டி.

கேட்டுத்தான் ஆகவேண்டும் அவன்.

ஜூலை 19, செவ்வாய்

பக்கத்து மாவட்டத்தில் ஒரு பெண். பதினாறு வயது, கூடைப்பந்து ஆடுகிறவள். மார்லிஸ் போனில் சொன்னாள். நீல மாத்திரை.

ஜூலை 22

காலையில் பேப்பர் வந்தது. கார்லா அதை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். காப்பி ஆறிப்போயிருந்தது. அந்தப் பெண்ணின் இரங்கல் குறிப்பு. “எதிர்பாராத விதமாக வீட்டில் காலமானார்.”

“நான் எழுதின அதே வார்த்தை” என்றாள்.

நான் சும்மா இருந்தேன். எனக்கு அது சுலபமில்லை, ஆனால் இருந்தேன்.

“அந்தப் பொண்ணோட அம்மா நம்ம குறிப்பைப் படிச்சிருப்பா ராய்ஸ். பேப்பர் அந்த ஊருக்கும் போகுது. படிச்சு, ஐயோ பாவம், சின்ன வயசு, இதயமா இருக்கும்னு நெனச்சிருப்பா. மடிச்சு வெச்சிருப்பா.” பேப்பரை மடித்தாள். “அன்னிக்கு ராத்திரி நான் தண்ணி குடிக்க எழுந்தேன். கீழ் அறையிலேர்ந்து சத்தம் கேட்டுது. கொறட்டைன்னு நெனச்சேன். நல்லா தூங்கறான், தோள் வலி இல்லாம தூங்கறான்னு சந்தோஷப்பட்டேன்.”

இதை அவள் எனக்குச் சொன்னதே இல்லை. யாருக்கும் சொன்னதில்லை. மார்ச்சிலிருந்து இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதோம், வேறு என்ன செய்ய முடியும்?

மார்லிஸ் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். அது குறட்டை இல்லை, மூச்சு அடைபடும் சத்தம். தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

“அதையும் சொல்லு” என்றாள். “மைக்ல. கொறட்டையப் பத்தியும் சொல்லு.”

ஆகஸ்ட் 5

டிங்கரைக் கடிவாளம் பிடித்து நடத்தப்போவது கார்லா. வெஸ்ஸின் குதிரை அது, நடத்திக்கொண்டு போனால் யாருக்கும் அடங்காது. இன்று அவளை வேலியோரம் இழுத்துக்கொண்டு போய் முட்புதரில் நிறுத்திவிட்டது. “உங்க அப்பா புத்தி அப்படியே இருக்கு” என்று குதிரையைத் திட்டினாள். என்னைத்தான் சொல்கிறாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் செய்த முதல் கேலி.

ஆகஸ்ட் 13

கோமாளி ஓரினிடம் மட்டும் முன்கூட்டியே சொன்னேன். இருபது வருஷமாக மைதானத்தில் மாடு முட்டாமல் பதுங்கும் பீப்பாய்க்குள் அவன், மேலே அறிவிப்பாளர் பெட்டிக்குள் நான். ஒருவரையொருவர் கிண்டலடித்தே பிழைத்தோம்.

“லைல் உன் மைக்கைப் பிடுங்கிடுவான்யா.”

“ஒலிப்பெட்டி சாவி யார்கிட்ட?”

“சவுண்டு பையன்கிட்ட.”

“அவன் யாரு?”

“என் மச்சான் மகன்” என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தான். “சரி, சாவி தொலையும். ஆனா நீ பேசி முடிச்சதும் அந்தக் கூட்டத்தை நான் எப்படிய்யா சிரிக்க வைப்பேன்?”

“அது உன் பொழப்பு.”

ஆகஸ்ட் 19

நாளைக்கு. பேசவேண்டியதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இத்தனை வருஷத்தில் மைக்கில் பேசுவதை ஒரு நாளும் எழுதிப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன், மறப்பதற்குள்.

நல்ல கூட்டம். வெயில், தூசி, வறுத்த ரொட்டி வாசனை. தேசிய கீதம் முடிந்தது. கதவு திறந்தது. கார்லா தன் குதிரையில், பக்கத்தில் டிங்கர். ஆளில்லாச் சேணம், பின்னோக்கி நிற்கும் வெஸ்ஸின் பூட்ஸ். எல்லாரும் எழுந்து தொப்பியைக் கழற்றினார்கள். அப்படி ஓர் அமைதி.

லைலின் தாள் என் முன்னால் இருந்தது. அதைக் கவிழ்த்து வைத்தேன். சொன்னது இது, நினைவிருக்கும் வரை:

“போன வருஷம் இந்தக் குதிரையில வெஸ் இதே இடத்தைச் சுத்தி வந்தான். என் மகன். விபத்து இல்ல, இதயக் கோளாறு இல்ல. தோள் வலிச்சுது, ஒரு மாத்திரை போட்டான். மாத்திரை போலி. உள்ள ஃபென்டனில் இருந்துச்சு. ராத்திரி கொறட்டை விட்டான்னு நெனச்சோம். அது கொறட்டை இல்ல, மூச்சு நிக்கிற சத்தம். உங்க வீட்டுல அந்தச் சத்தம் கேட்டா எழுப்புங்க. எழலேன்னா அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்க. மூக்கு மருந்து நர்ஸ் மார்லிஸ்கிட்ட இருக்கு, காசு கிடையாது, வாசல்லதான் நிக்கிறா.”

அடைப்புப் பக்கம் பார்த்தேன். பையன்கள் வரிசையாக, தொப்பி மார்பில்.

“பசங்களா, இது உங்களுக்கு. சீட்டுல குதிரை விழுந்தா என்ன பண்றோம்? ஏற்கெனவே ஏறினவன்கிட்ட எப்படிப் போகும்னு கேக்கறோம். அவன் சொன்னா நம்பலாம். ஏன்னா அது அதே குதிரை. மாத்திரை அப்படி இல்ல. பையில பத்து இருந்தா அது பத்துக் குதிரை. முத்திரைதான் ஒண்ணு. உன் சிநேகிதன் போட்டுட்டு நல்லா தூங்கினான்னா, அவன் குதிரையைப் பத்திதான் அவனுக்குத் தெரியும். உனக்கு விழுந்ததுல இதுவரைக்கும் ஒருத்தனும் ஏறினதில்ல.”

லைல் படியேறி வந்துகொண்டிருந்தான். ஆனால் தொப்பி கையில். ஆளில்லாக் குதிரை மைதானத்தில் இருக்கும்போது அவனாலும் சத்தம் போட முடியாது. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவன் வாழ்க.

“வெஸ் வாங்கினதுல மீதி யார்கிட்டயோ இருக்கு. பேர் வேண்டாம். கோபமும் இல்ல எனக்கு... பொய். கோபம் இருக்கு. அதை வீட்டுலயே வெச்சுட்டு வந்திருக்கேன். அந்த மாத்திரைய மட்டும் யாரும் வாயில போடாதீங்க. யாருக்கும் கொடுக்காதீங்க. எங்களுக்கு ஒருத்தன் போனது போதும்.”

அவ்வளவுதான். கார்லா சுற்றி முடித்து வெளியே போனாள். யாரும் கைதட்டவில்லை. யாரும் உட்காரவும் இல்லை. ஓரின் பீப்பாய்க்குள்ளிருந்து வெளியே வரவே இல்லை, அழுதுகொண்டிருந்தான் படுபாவி. நான்தான் மறுபடி மைக்கை எடுத்து, “உக்காருங்க, தொப்பியப் போடுங்க, வெயில் மண்டையப் பொளக்குது” என்றேன்.

முதல் போட்டி. ஜேஸ் இரண்டாவது ஆள். பெயரைச் சொல்லும்போது என் குரல் உடையவில்லை, அதை இங்கே எழுதி வைக்கிறேன். மூன்று எண்ணுவதற்குள் விழுந்தான். தோளைப் பிடித்துக்கொண்டே எழுந்து நடந்தான். கதவோரம் நின்று பெட்டியை அண்ணாந்து பார்த்தான். அப்புறம் போய்விட்டான்.

எல்லாம் முடிந்து பின்பக்கம் போனேன். டிங்கர் பகல் முழுக்க அடைப்புகளுக்குப் பின்னால், போட்டிக்காரர்கள் நடமாடும் இடத்தில்தான் கட்டியிருந்தது. கார்லா சேணத்தை அவிழ்க்க, நான் பூட்ஸைக் கழற்றினேன். இடது பூட்ஸ் கனமாக இருந்தது. உள்ளே ஏதோ உருண்டது.

கவிழ்த்தேன். மெல்லும் புகையிலை டப்பா ஒன்று, நசுங்கித் திறந்து, உள்ளே நீல மாத்திரைகள். அதை மட்டும்தான் நான் இத்தனை மாதம் தேடினேன். ஆனால் அதோடு நிற்கவில்லை. பிளாஸ்டிக் பை ஒன்று விழுந்தது. பர்கர் கடைக் காகிதத்தில் சுற்றிய ஏதோ. வலது பூட்ஸிலும் இருந்தது. அலுமினியத் தாளில் மடித்தது, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, ஒரு பெண்பிள்ளையின் பூப்போட்ட முடிக்கட்டுக்குள் முடிந்தது.  எல்லாம் நீலம்.

“தொடாதே” என்றாள் கார்லா. இரண்டு பேரும் குதிரையடியில் மண்டியிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே மார்லிஸ் வரும் வரை இருந்தோம். ஒரு பையைத் தேடினேன் நான். ஊரே பாக்கெட்டில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 22

டெபுட்டி கையுறை போட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனான். யார் என்று அவனும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் 24

லைல் போன் செய்தான். கமிட்டி கோபமாக இருக்கிறதாம், அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடுவார்களா என்று சொல்ல முடியாதாம். சரி என்றேன். அவன் போனை வைக்கவில்லை. 

“அந்த மூக்கு மருந்து. கல்லா பக்கத்துல ஒரு பெட்டி வெச்சா என்ன?”

“வை.”

“என் மக அறையை நேத்துப் பார்த்தேன் ராய்ஸ்.” அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பூப்போட்ட முடிக்கட்டு ஞாபகம் வந்தது. அவளுடையதாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

ஆகஸ்ட் 31

பள்ளிக்கூடத்திலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். வியாழன், எட்டாம் தேதி. கார்லாவும் வருகிறாள்.

செப்டம்பர் 4, ஞாயிறு

காலையில் ஜேஸ் வந்தான். வாசலில் நின்று தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். கார்லா கதவைத் திறந்து, “முட்டை ஆறுது, உள்ள வா” என்றாள், ஏதோ நேற்றுத்தான் வந்து போனவன் மாதிரி.

சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். தோளில் கட்டு. அப்புறம் என்னைப் பார்த்தான்.

“டப்பா என்னோடது சார்.”

“நான் கேக்கல.”

“சொல்லணும். ஜூன்ல உங்ககிட்டப் பொய் சொன்னேன், ஆத்துல போடல. எனக்கும் தோள் போயிருச்சு. ஏறாம இருந்தா சீசன் போயிடும். அன்னிக்கு ஏறப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு போடலாம்னு எடுத்து வெச்சிருந்தேன். நீங்க பேசும்போது அது என் கையில இருந்துச்சு. உள்ளங்கையில. தொப்பிக்கு அடியில.”

கார்லாவின் கை கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டது.

 எழுந்து போய் அவன் தலையைப் பிடித்து என் வயிற்றோடு அழுத்திக்கொண்டேன். வியர்வையும் குதிரை வாசனையுமாக, சூடாக, உயிரோடு இருந்தான். வீட்டில் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்ன கோபத்தை அப்போது தேடிப் பார்த்தேன். இருந்தது. ஆனால் அவன் மேல் இல்லை.

நாளை மறுநாள் வக்கீல் ஒருவரைப் பார்த்துவிட்டு டெபுட்டியிடம் போகலாம் என்றேன், நானும் வருகிறேன் என்றேன். தலையாட்டினான். பயம் இருக்கிறது, இருக்கட்டும். அப்புறம்தான் முட்டையைத் தொட்டான்.

“வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துல நானும் பேசட்டுமா? சாதுன்னு நான் சொன்னதை.”

“மைக்ல பேசியிருக்கியா?”

“இல்ல சார்.”

“நிதானமாப் பேசணும். அவசரப்படக் கூடாது.”

“அதை நீங்களா சொல்றீங்க?” என்றான்.

கார்லா சிரித்துவிட்டாள். இன்னும் இரண்டு முட்டை உடைத்து ஊற்றினாள்.